4டி33 கென்டருக்கு டர்போ பூட்டலாமா? எஞ்சின் தாங்குமா?

கென்டர்_வத்தளை எழுதியது:

வணக்கம் அண்ணாமார். லொறி மிட்சுபிஷி கென்டர், எஞ்சின் 4டி33, டர்போ (எக்ஸோஸ்ட் புகையால் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அமுக்குகிற கருவி) இல்லாதது. கொம்பனி விட்ட நிலையிலேயே இருக்குது, ஒன்றும் மாற்றவில்லை. புறக்கோட்டையில் அரிசி, மா, சீனி ஏற்றி நுவரெலியாவுக்குப் போகும். திரும்பும்போது பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி. பாரம் 3 தொன்னுக்குக் கிட்ட வரும். கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியர் போதும். கம்பளை தாண்டி றம்பொடை ஏறத் தொடங்கினால் இரண்டாம் கியரில் ஊர வேண்டியிருக்கு, கறுப்புப் புகையும் தள்ளுது.

பஞ்சிகாவத்தையில் 4டி34 டர்போ எஞ்சினில் இருந்து கழற்றின டர்போவும் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டும் பைப்புகளும் ஒரே செட்டாகக் கிடைக்குது. அதை என்ர எஞ்சினில் பூட்டினால் பிஸ்டன் தாங்குமா? டீசல் பம்பைத் திருப்பி டீசலைக் கூட்ட வேணுமா, அப்படியே விடலாமா? இன்டர்கூலர் (டர்போ அமுக்கின காற்றைக் குளிர வைக்கிற பாகம்) கட்டாயமா? புகைப் பரிசோதனையில் பிடிபடுமா? குதிரைவலு கூட்டி ஓட்டப் போட்டி போகிற எண்ணம் இல்லை. ஏற்றத்தில் ஒரு கியர் கூடப் போட முடிந்தால் எனக்குப் போதும்.


தெமட்டகொடை_டீசல் எழுதியது:

தம்பி, கேள்வியைச் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு கியர் கூட வேணும் என்ற அளவில் நின்றால் இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்யலாம்.

முதலில் அந்தப் புகையை விளங்கிக்கொள்ளுங்கள். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்ப் அதே டீசலை அடிக்குது, எரிக்கக் காற்று இல்லை, மிச்சம் கரியாக வெளியே வருது. டர்போ உண்மையிலே உதவுகிற இடம் இதுதான். ஆனால் வத்தளையிலேயே, சமதரையிலேயே புகை தள்ளுதென்றால் அது டர்போவுக்குரிய வருத்தம் இல்லை. எயார் ஃபில்டர், இன்ஜெக்டர், வால்வ் இடைவெளி, இந்த மூன்றையும் பார்க்காமல் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.

இப்போ பிஸ்டன். 4டி33 இன் சிலிண்டர் விட்டம் 108 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்குகிற ஓட்டம் 115, கொள்ளளவு 4214 சிசி. 4டி34 அதே குடும்பம், அதே 115 ஓட்டம், ஆனால் விட்டம் 104, கொள்ளளவு 3908 சிசி. டர்போவோடு வருகிற எஞ்சினில் சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இரும்பு கூட நிற்குது, ஹெட் கஸ்கெட் பிடிக்கிற இடமும் அகலம். உங்களுடைய 4டி33 இல் அந்த அகலம் இல்லை. அதனால் 4டி34 இன் டர்போ வந்தாலும் 4டி34 இன் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றுகிற காற்றழுத்தம், உங்களுக்கு ஆகாது. எல்லை 0.5 பார், அதாவது 7 பிஎஸ்ஐ. அதற்கு மேலே வேண்டாம்.

0.5 பார் சின்னக் கணக்கு என்று நினைக்காதீர்கள். வெளிக்காற்று 1 பார், அதோடு 0.5 சேர்ந்தால் எஞ்சின் மூச்சு இழுக்கிற அழுத்தம் ஒன்றரை மடங்கு. சிலிண்டருக்குள் உச்ச அழுத்தமும் கிட்டத்தட்ட அந்த வீதத்தில் ஏறும். அதைத் தாங்குவது ஹெட் போல்ட்டும் கஸ்கெட்டும். பழைய போல்ட்டை இழுத்து முறுக்கிவிட்டால் போதும் என்று சொல்லுகிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, மட்டம் பார்த்து, பிஸ்டன் மேலே நிற்கிற அளவுக்குத் தக்க தடிப்பில் புதுக் கஸ்கெட் போட்டு, புது போல்ட்டைக் கையேட்டில் உள்ள முறுக்கு வரிசைப்படி இறுக்க வேணும்.

கழற்ற முந்தியே கொம்பிரஷன், அதாவது சிலிண்டர் காற்றை அமுக்குகிற அழுத்தம், பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேணும், நாலு இன்ஜெக்டரும் கழற்றியிருக்க வேணும், பெட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேணும். நாலு சிலிண்டருக்கும் இடையே 3 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால், அல்லது ஒன்றாவது கையேட்டின் கீழ் எல்லைக்குக் கிட்ட நின்றால், டர்போக் கதையை மறந்துவிட்டு ரிங் மாற்றுகிற கதையைத் தொடங்குங்கள். தேய்ந்த ரிங்கில் பூஸ்ட் கொடுத்தால் காற்று கீழே இறங்கி, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்குகிற சம்ப்பில் அழுத்தம் ஏறும். அதோடு டர்போவில் இருந்து ஒயில் இறங்காது. மற்ற எல்லாக் கேடும் அதில் இருந்துதான் தொடங்கும்.

சம்ப்பைக் கழற்றும்போது இன்னொன்றும் பாருங்கள்: பிஸ்டனின் அடிக்கு ஒயில் பீச்சுகிற சின்ன ஜெட் பிளாக்கில் இருக்குதா? இருந்தால் கொஞ்சம் தைரியமாகப் போகலாம். இல்லையென்றால் பிஸ்டன் தலையின் சூடு பெரும்பாலும் ரிங் வழியாகத்தான் வெளியேறும். அப்படியான எஞ்சினில் எக்ஸோஸ்ட் சூட்டுக்குக் கடுமையான எல்லை வைக்க வேணும். அதைப் பம்ப் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


ஒயில்_லைன் எழுதியது:

டர்போ பூட்டிக் கெட்டுப்போன லொறிகளில் பெரும்பாலானவை ஒயில் லைனில்தான் கெட்டன. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டர்போவின் சாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே போகும். அது நிற்பது பெயரிங்கில் அல்ல, ஒயில் படலத்தில். ஒயில் ஒரு சில வினாடி இல்லாமல் போனால் வெண்கலப் புஷ் சாஃப்டோடு ஒட்டிவிடும். உள்ளே போகிற ஒயிலை மெயின் கெலரியில் (பிளாக்குக்குள் ஒயில் ஓடுகிற பிரதான வழி) இருந்து, அதாவது ஒயில் பிரெஷர் ஸ்விட்ச் இருக்கிற இடத்தில் டி-இணைப்புப் போட்டு எடுங்கள். பைப்பின் உள்விட்டம் 4 முதல் 5 மில்லிமீற்றர். உள்ளே டெஃப்லொன், வெளியே ஸ்டெயின்லஸ் வலை உள்ள ஹோஸ் வாங்குங்கள். சாதாரண ஹைட்ரோலிக் ரப்பர் ஹோஸ் டர்போவின் சூட்டில் கல்லாகி வெடிக்கும். வெடித்தால் ஒயில் பீச்சுவது சிவந்த மெனிபோல்ட்டின் மேலே. லொறி எரிந்துபோவது அப்படித்தான்.

வெளியே வருகிற பைப்தான் பலரும் பிழை விடுகிற இடம். டர்போவுக்குள் அழுத்தத்தோடு போகிற ஒயில், வெளியே வரும்போது நுரை கலந்த கஞ்சி மாதிரி, அழுத்தம் ஒன்றும் இல்லாமல் வரும். தன் பாரத்தால் மட்டும்தான் கீழே இறங்கும். அதனால்:

பைப்பின் உள்விட்டம் 16 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, 19 நல்லது. டர்போவில் இருந்து சம்ப் வரைக்கும் ஒரே இறக்கமாக இருக்க வேணும். நடுவில் ஒரு விரல் அளவு தொய்வு இருந்தாலும் அங்கே ஒயில் தேங்கும். டர்போவை இறுக்கும்போது ஒயில் வெளிவாய் நேர் கீழே பார்க்க வேணும், மிஞ்சினால் 20 பாகை சரிவு. சம்ப்பில் இணைகிற இடம் ஒயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேணும். ஒயிலுக்குக் கீழே இணைத்தால் டர்போவில் ஒயில் நிறைந்து, இரண்டு பக்க சீலாலும் கசியும். பிறகு டர்போ போய்விட்டது என்று புது டர்போ வாங்குவார்கள், அதுவும் ஒரே கிழமையில் கசியும்.

சம்ப்பில் வாய் வைக்க ஓட்டை போடும்போது சம்ப்பைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் போட வேணும். எஞ்சினில் இருக்கும்போதே துளைத்து, கிரீஸ் பூசினேன், தூள் விழாது என்று சொன்னால் நம்பாதீர்கள். வெல்டிங் முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணித்தியாலம் வைத்து, வெளியே கசிவு தெரியுதா பாருங்கள்.

ஒயில் வாய் இரண்டுக்கும் சிலிக்கன் பசை தொடவே கூடாது, காகிதக் கஸ்கெட் மட்டும். பிதுங்கின பசையில் ஒரு பயறளவு துண்டு பிரிந்து போனால் 4 மில்லிமீற்றர் பைப் அடைபட அது போதும்.

பழைய டர்போ வாங்கும்போது: காற்றை இழுக்கிற பக்கத்துச் சக்கரத்தின் இதழ் விளிம்புகளை நகத்தால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் மண் தின்றிருக்குது. சாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடும், அது பிரச்சினை இல்லை, ஒயில் வந்ததும் நிமிரும். முன் பின்னாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். கைக்குத் தெரிகிற அளவு டிக் டிக் என்று நகர்ந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும். ஒயில் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கறுத்த கரி ஒட்டியிருந்தால் முந்தின சொந்தக்காரர் சூட்டோடு எஞ்சினை நிறுத்திப் பழகியவர்.


கென்டர்_வத்தளை எழுதியது:

மிச்சம் நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். ஒயிலை ஆல்டர்னேட்டரின் வேக்கியூம் பம்புக்குப் போகிற லைனில் இருந்து எடுக்கலாம், அது பக்கத்திலேயே இருக்குது, சுலபம் என்று கராஜில் சொல்கிறார்கள். சரியா?


ஒயில்_லைன் எழுதியது:

கூடாது. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கிற வேக்கியூம் பம்ப்தான் உங்களுடைய பிரேக் பூஸ்டருக்கு உயிர். அந்த லைன் மெல்லியது, அதன் ஓட்டம் அந்தப் பம்புக்கு மட்டும் அளந்தது. அதைப் பங்குபோட்டால் ஐட்லிங்கில் டர்போவுக்கும் போதாது, வேக்கியூம் பம்பின் இதழ்களும் தேயும். றம்பொடையில் மரக்கறியோடு இறங்கும்போது பிரேக் மிதி கல்லு மாதிரி ஆகும். சுலபம் என்பதற்காக அதைத் தொட வேண்டாம், கெலரியில் இருந்தே எடுங்கள்.


பம்ப்_மேசை எழுதியது:

பம்பைத் திருப்ப வேணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டர்போ காற்றை மட்டும்தான் கொடுக்கும். வலு டீசலில் இருந்து வருவது. எஞ்சினை எரிப்பதும் அதே டீசல்தான்.

பம்பைத் தொடாமல் டர்போ மட்டும் பூட்டினால்: மலையில் புகை போய்விடும், எக்ஸோஸ்ட் சூடு இறங்கும், காற்றுக் குறைவால் இழந்த வலு திரும்பும். கொழும்பில் பெரிய வித்தியாசம் தெரியாது. முதல் 1000 கிலோமீற்றருக்கு இப்படியே ஓட்டச் சொல்லுவேன். ஒயில் கசிவு, பூஸ்ட் கசிவு எல்லாம் இந்த நேரத்தில் வெளியே வரட்டும்.

பிறகு பம்பைக் கழற்றி, பம்ப் சோதிக்கிற மேசைக்குக் கொண்டு போங்கள். லொறியில் வைத்தே ஈயமுத்திரையை வெட்டி, உச்ச டீசல் அளவை வைக்கிற ஃபுல் லோட் ஸ்க்ரூவை அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று திருப்புவது வேலை இல்லை, சூதாட்டம். மேசையில் 1000 அடிக்கு எத்தனை சிசி என்று நாலு எலிமென்டும் (சிலிண்டருக்கு ஒன்றாக டீசல் அடிக்கிற பாகம்) தனித்தனியாக அளக்கப்படும். முதலில் நாலையும் ஒன்றுக்கொன்று 3 வீதத்துக்குள் கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு மொத்தத்தைக் கூட்டுங்கள்: 10 முதல் 12 வீதம், மிஞ்சி 15. இந்தக் கணக்கு ஏன் என்றால், 0.5 பாரில் இன்டர்கூலர் இல்லாமல் உள்ளே போகிற காற்றின் நிறை ஏறக்குறைய 28 வீதம் கூடும். காற்று 28 கூட, டீசல் 12 கூட என்றால் மிச்சக் காற்று சிலிண்டரைக் குளிர வைக்கும். டீசலையும் 28 கூட்டினால் அந்த மிச்சம் போய்விடும், பிஸ்டன் வேகும்.

இதில் ஒரு சிக்கல். டர்போ இல்லாத பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்துகிற கவர்னருக்குப் பூஸ்ட் எவ்வளவு என்று தெரியாது. 1000, 1200 சுற்றில் டர்போ இன்னும் எழும்பியிருக்காது, ஆனால் பம்ப் கூட்டின டீசலை அப்போதே அடிக்கும். ஏற்றத்தில் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கரும்புகைக் கட்டி. இதற்கு ஒழுங்கான மருந்து பூஸ்ட் கொம்பன்சேட்டர் உள்ள கவர்னர். பூஸ்ட் ஏறின பிறகுதான் டீசலைக் கூட்டுகிற தண்டை (ரேக்) முழுதாக விடும். அது கிடைக்காவிட்டால் கூட்டுகிற அளவை 10 வீதத்தோடு நிறுத்துங்கள். பம்ப் மேசையில் பேசும்போது ஞாபகம் வைத்திருங்கள், பம்பின் சுற்று எஞ்சினின் பாதி. மேசையில் 1000 என்றால் எஞ்சினில் 2000.

டீசல் பீச்சுகிற டைமிங்கை 1 முதல் 2 பாகை பிந்த வையுங்கள். உச்ச அழுத்தம் குறையும், கஸ்கெட்டுக்கு நல்லது. அதற்கு மேல் பிந்தினால் எரிவது எக்ஸோஸ்ட் வரைக்கும் நீண்டு சூடு ஏறும், டர்போ வேகும்.

இப்போ எக்ஸோஸ்ட் சூட்டு மீற்றர். இது இல்லாமல் பம்பைக் கூட்டுகிறவருக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. கே வகைத் தெர்மோகப்பிள் (சூட்டை உணர்கிற கம்பி), மெனிபோல்ட்டில், நாலு கிளையும் சேர்ந்த பிறகு, டர்போவின் வாய்க்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் முன்னால். நுனி குழாயின் நடுப்பகுதிக்கு வர வேணும். மெனிபோல்ட்டைக் கழற்றி வைத்துத்தான் துளையுங்கள். வார்ப்பிரும்புத் தூள் ஒரு துணுக்கு உள்ளே நின்றாலும் டர்பைன் இதழ் சிதையும். டர்போவுக்குப் பின்னால் பூட்டினால் பாரத்தில் 100 பாகைக்கும் மேலே குறைத்துக் காட்டும், வீண் தைரியம் தரும்.

எல்லை இதுதான்: ஒயில் ஜெட் இல்லாத பிஸ்டனுக்கு நீண்ட ஏற்றத்தில் 600 முதல் 650 பாகை செல்சியஸ். கியர் மாற்றுகிற சில வினாடிக்கு 700 தொடலாம். 650 தாண்டி ஏறிக்கொண்டே போனால் எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விடுங்கள், ஒரு கியர் இறக்குங்கள். சுற்றுக் கூடும், காற்றுக் கூடும், முள் தானாக இறங்கும். டிரைவருக்கு இதைப் பழக்கிவிடுங்கள், முக்கியமாகக் கூலி டிரைவர் ஓடுகிற லொறி என்றால்.

அந்த மீற்றருக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. நாலு சிலிண்டரும் சேர்ந்த சூட்டைத்தான் அது காட்டும். ஒரு இன்ஜெக்டர் ஒழுகி ஒரு பிஸ்டன் உருகுகிற நேரத்திலும் முள் 620 இல் அமைதியாக நிற்கும். அதனால் நாலு நொசிலையும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். பிறகு மெனிபோல்ட்டின் நாலு கிளையையும் இன்ஃபிராரெட் சூடுமானியால் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிட 40, 50 பாகை விலகி நின்றால் அந்தச் சிலிண்டரைக் கவனிக்க வேணும்.


மலைநாட்டு_லோட் எழுதியது:

மேலே எழுதினவர்கள் டர்போவைப் பற்றி எழுதியது எல்லாம் சரி. ஆனால் லொறி என்பது எஞ்சின் மட்டும் இல்லையே. எக்ஸோஸ்ட் குழாயைத் தட்டால் அடைத்து வேகம் குறைக்கிற எக்ஸோஸ்ட் பிரேக்கைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

எக்ஸோஸ்ட் பிரேக்கின் தட்டு டர்போவுக்குப் பிறகுதான் வர வேணும். மெனிபோல்ட் மாறும்போது அதன் இடமும் மாறும், கேபிளோ வேக்கியூம் ஹோஸோ எட்டாமல் போகும். சில கராஜில் பைப் செய்யும்போது அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, டர்போ வந்ததால் இனி அது தேவையில்லை என்பார்கள். டர்போ ஏறுவதற்கு உதவும், இறங்குவதற்கு உதவாது. நுவரெலியாவில் இருந்து 3 தொன் மரக்கறியோடு இறங்குகிற லொறிக்கு அந்தத் தட்டு கட்டாயம். பூட்டின பிறகு வளையங்களில் காற்றுக் கசிவு இல்லாமல் பாருங்கள். தட்டு மூடும்போது டர்போவுக்குள் பின்னழுத்தம் ஏறும். சம்ப்பின் காற்றை வெளியே விடுகிற பிரீதர் ஹோஸ் அடைபட்டிருந்தால் அந்த நேரத்தில் ஒயில் தள்ளும்.

டர்போவில் இருந்து புகை இறங்குகிற டவுன் பைப் 63 மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம், 76 என்றால் நல்லது. டர்போவுக்குக் கீழே ஒரு நெளிகுழாய்த் துண்டு வையுங்கள். எஞ்சின் மவுன்டில் ஆடும், சசி ஆடாது. நெளிகுழாய் இல்லாவிட்டால் பைப்பின் பாரம் முழுக்க டர்போவின் கழுத்தில் தொங்கி மெனிபோல்ட் வெடிக்கும். மெனிபோல்ட்டை ஹெட்டில் வைத்து இறுக்க முந்தி, 4டி33 இன் கஸ்கெட்டை அதன் முகத்தில் வைத்து ஓட்டைகள் பொருந்துதா என்று பாருங்கள். கெபினைச் சாய்த்து, பிறகு இறக்கி, இரண்டு நிலையிலும் டர்போவுக்கும் வயருக்கும் கிளட்ச் ஹோஸுக்கும் இடையே கை போகிற இடம் இருக்குதா பாருங்கள். வெப்பத்தகடு அடியுங்கள்.

கிளட்ச் தேய்ந்திருந்தால் முதல் ஏற்றத்திலேயே மணக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் கோர் சுத்தம் செய்யுங்கள். கூடின டீசலின் சூட்டில் ஒரு பங்கு தண்ணீருக்குத்தான் வரும்.

என் அபிப்பிராயம் வேறு. ஹெட் கழற்றி, கஸ்கெட், போல்ட், சம்ப் வெல்டிங், பம்ப் மேசை, மீற்றர்கள் எல்லாம் கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்குக்கு முழு 4டி34 டர்போ எஞ்சின் ஒன்று பம்போடு வருமென்றால் அதுதான் நேர்மையான வழி. பிஸ்டன், பம்ப், ஒயில் வழி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்த எஞ்சின். மவுன்ட், பெல் ஹவுசிங், ஃப்ளைவீல் மூன்றையும் வாங்க முந்தி அளந்து பாருங்கள். எஞ்சின் மாற்றினால் இலக்கத்தை நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேணும், எஞ்சின் வாங்கின பற்றுச்சீட்டைத் தவறவிடாதீர்கள். எந்த வழியில் போனாலும் காப்புறுதிக்கு எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தின்போது இழப்பீட்டை மறுக்க அதையே காரணம் காட்டுவார்கள்.

புகைப் பரிசோதனை: டீசலுக்கு நியூட்ரலில் வைத்து எக்ஸிலேட்டரைச் சடாரென்று மிதித்துத்தான் பார்ப்பார்கள். டர்போ எழும்ப முந்தின அந்த அரை வினாடிப் புகைதான் அளவில் விழும். பம்பைக் கண்டபடி கூட்டினவர்கள் அங்கே விழுவது அதனால்தான். சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.


தெமட்டகொடை_டீசல் எழுதியது:

எஞ்சின் முழுதாக மாற்றுவதை நானும் மறுக்கவில்லை. நல்ல 4டி34 கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. ஆனால் இறக்குமதியான பழைய எஞ்சினின் உள்ளே என்ன இருக்குது என்பது கழற்றும் வரைக்கும் தெரியாது. தம்பியின் 4டி33 கொம்பிரஷனில் நன்றாக நின்றால், தெரிந்த எஞ்சினை விட்டுத் தெரியாததை வாங்குவதையும் யோசிக்க வேணும்.

டர்போ பூட்டுகிற வழியில் போனால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

இன்டர்கூலர்: 32 பாகைக் காற்றை 0.5 பாருக்கு அமுக்கினால் டர்போவில் இருந்து ஏறக்குறைய 85 பாகையில் வெளியே வரும். கட்டாயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் 50 பாகைக்கு இறக்கினால் காற்றின் நிறை 28 வீதம் கூடுவதற்குப் பதிலாக 40 வீதம் கூடும், எக்ஸோஸ்ட் முள்ளும் இறங்கும். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்து அதற்குக் காற்றை மறைக்காதீர்கள். பக்கவாட்டில் தனி ஃபேனோடு வைக்க இடம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

எயார் ஃபில்டர்: பழைய ஃபில்டர் பெட்டி கூடின காற்றுக்குப் போதுமா என்று பார்க்க ஒரு மலிவான வழி. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீற்றர் உயரம் வருகிற மாதிரி யு போல வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் விடுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் இணைத்து, மறு முனையைத் திறந்து விடுங்கள். குழாயைக் கெபினுக்குள் நிமிர்த்திக் கட்டி, பாரத்தோடு ஏற்றத்தில் முழு மிதியில் ஏறுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் இடையே 635 மில்லிமீற்றர், அதாவது 25 அங்குலம் வந்தால் அது எல்லை. புது ஃபில்டரிலேயே 380 தாண்டினால் பெட்டி சின்னது, பெரிது பூட்டுங்கள்.

வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை தாண்டாமல் புகையை டர்பைனுக்கு வெளியே திருப்புகிற கதவு): அதைத் திறக்கிற, 4டி34 க்கு வைத்த அக்சுவேட்டரை நம்பி ஓட்டாதீர்கள், கழற்றி வைத்துச் சோதியுங்கள். கொம்பிரஷரில் ரெகுலேட்டர் பூட்டி மெல்ல மெல்ல அழுத்தம் கொடுங்கள். தண்டு 0.4 இல் அசையத் தொடங்கி 0.5 இல் தெளிவாகத் திறக்க வேணும். அதற்கு மேலே போன பிறகுதான் திறந்தால் ஸ்பிரிங் மாற்ற வேணும். அதன் ஹோஸ் நேராக டர்போவில் அமுக்கின காற்று வெளியே வருகிற பக்கத்தில் இருந்து வரட்டும். அதில் டி போட்டு மீற்றருக்கு எடுக்க வேண்டாம், மீற்றருக்கு இன்லெட் மெனிபோல்ட்டில் தனி வாய் வையுங்கள்.

பூஸ்ட் பைப் கசிவு பார்க்க: டர்போவின் மூச்சு வாய்க்குப் பொருந்துகிற பிவிசி மூடி ஒன்றில் டயர் வால்வ் பூட்டி, 0.5 பார் காற்று அடியுங்கள். ஒயில் மூடியைத் திறந்து வையுங்கள், வால்வ் வழியாக இறங்கும் காற்று சம்ப்பை ஊதும். சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி காட்டும். மூடிக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், பிய்த்துக்கொண்டு வரும்.

முதல் ஸ்டார்ட்: ஒயில் 15டபிள்யூ-40, சிஐ-4 தரம். டர்போவின் ஒயில் வாயில் ஊசியால் 50 முதல் 100 மில்லிலீற்றர் ஒயில் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒயில் உள்ளே போகிற பைப்பைப் பூட்டுங்கள், வெளியே வருகிற பைப்பைச் சம்ப் பக்கம் கழற்றி ஒரு வாளிக்குள் விடுங்கள். ஸ்டொப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி 15 வினாடி செல்ஃப் அடியுங்கள், ஒரு நிமிடம் விடுங்கள், மறுபடி அடியுங்கள். வாளியில் ஒயில் விழுகிறதைக் கண்ணால் கண்ட பிறகுதான் பைப்பை இணைத்து ஸ்டார்ட் பண்ண வேணும். 5 நிமிடம் ஐட்லிங், எக்ஸிலேட்டரில் கால் வைக்க வேண்டாம். இனி ஒயில் மாற்றுவது 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, நீட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை லொறியில் போகிற எல்லாரும் தெரிந்திருக்க வேணும். டர்போவின் சீல் உடைந்து ஒயில் இன்லெட்டுக்குள் போனால் எஞ்சின் அந்த ஒயிலையே எரித்துத் தானாக சுற்று ஏறும். வெள்ளை, நீலப் புகை மண்டும். ஸ்டொப் கேபிளை இழுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அது டீசலைத்தான் நிறுத்தும். அந்த நேரத்தில் பிரேக்கை முழுக்க மிதித்து, உயர் கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அமர்த்துங்கள். முடியாவிட்டால் ஃபில்டர் வாயை ஒரு பலகையால் மூட வேணும். கையாலோ துணியாலோ மூடப் போகாதீர்கள், இழுத்துக்கொள்ளும். அரையடிச் சதுரத்தில் ஒரு தடித்த பலகைத் துண்டு சீற்றுக்குப் பின்னால் எப்போதும் கிடக்கட்டும்.


கென்டர்_வத்தளை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கொம்பிரஷன் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன். நாலும் நன்றாக நின்றால் டர்போ, 0.5 பார், பம்பைத் தொடாமல் முதல் 1000 கிலோமீற்றர். நிற்காவிட்டால் மலைநாட்டு அண்ணா சொன்ன 4டி34 ஐத் தேடுவேன். றம்பொடை ஏறி முடித்ததும் கடையில் தேத்தண்ணி குடிக்க நிற்கிற பழக்கம் எங்களுக்கு. எவ்வளவு நேரம் கழித்து எஞ்சினை நிறுத்தலாம்?


ஒயில்_லைன் எழுதியது:

ஏற்றம் முடிந்த கையோடு நிறுத்தினால் 3 நிமிடம் ஐட்லிங் விடுங்கள். நேரத்தைவிட மீற்றரைப் பார்ப்பது சரி: எக்ஸோஸ்ட் முள் 200 பாகைக்குக் கீழே வந்ததும் நிறுத்தலாம். ஏற்றத்துக்குப் பிறகு ஓரிரு கிலோமீற்றர் சமதரையில் மெதுவாக வந்திருந்தால் முள் ஏற்கெனவே இறங்கியிருக்கும். முதல் பயணத்தில் அந்தக் கடையில் நிற்கும்போது கெபினைச் சாய்த்து, டோர்ச்சோடு ஒயில் வாய் இரண்டையும் ஒருமுறை பாருங்கள். கசிவு இருந்தால் அந்தச் சூட்டில்தான் தெரியும்.